சேதாரம்

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே எங்கள் வீட்டில் காதில் விழுந்து பழகிய சொல் சேதாரம். கும்பகோணத்தில் அப்பாவுக்கு நகைப் பட்டறை. பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு பக்கத்தை மரச்சட்டம் போட்டு அடைத்த இடம். குமிட்டி, ஊதுகுழல், மூசை, கம்பியச்சு, சாவணம், நாலைந்து அரம், கண்ணாடிப் பெட்டிக்குள் பொன் தராசு. ஒரு பவுனைக் கொடுத்து மோதிரம் செய்யச் சொன்னால் அது முழுதாக ஒரு பவுன் மோதிரமாகத் திரும்பாது. உருக்கும்போது கொஞ்சம் போகும், ராவும்போது கொஞ்சம் போகும், மெருகு போடும்போது கொஞ்சம் போகும். செய்கூலியைப் பற்றி வாடிக்கைக்காரர்கள் அதிகம் வாய் திறக்க மாட்டார்கள். சேதாரம் என்று வந்துவிட்டால் பேச்சு காபி ஆறும்வரை நீளும்.

அப்பாவுக்கு அந்த விஷயத்தில் ஒரு வைராக்கியம் உண்டு. அரப்பொடி சிந்தாமல் இருக்க மடியில் தோல் விரித்துக்கொள்வார். சாயங்காலம் பட்டறையைத் தானே கூட்டி, குப்பையை ஒரு டப்பாவில் சேர்ப்பார். கை கழுவிய தண்ணீரைக்கூடப் பானையில் தெளிய விட்டு அடிமண்ணை எடுத்துவைப்பார். “வேலைக்காரன் யாருன்னு நகையைப் பாத்துச் சொல்லாதே. அவன் கூட்டி அள்ற குப்பையைப் பாத்துச் சொல்லு” என்பார். குப்பையில் பொன் அதிகமாக இருந்தால் அவனுக்குக் கை நிற்கவில்லை என்று அர்த்தம். வேண்டியதற்கு மேல் ராவியிருக்கிறான்.

அப்பா இந்தச் சேதாரக் கணக்கை ஒரு பல் டாக்டரிடம் போய்க் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை.

பல்லின் கதை 1984-இல் தொடங்குகிறது. எனக்குப் பதின்மூன்று வயது. கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல் அது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே எல்லா வீட்டிலும் நினைத்துக்கொள்கிறார்கள். “விழுந்து முளைக்கிற பல்லுதானே” என்று அம்மாவும் ஏழு வருஷம் சும்மா இருந்துவிட்டாள். விழவே விழாத பல்லென்று டாக்டர் சொன்னபோது அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளிப்பொடியையும் பாதரசத்தையும் போட்டு அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, குழியில் வைத்து அழுத்தினார். வெள்ளியும் தகரமும் செம்பும் கலந்த பொடி, அதோடு ஏறக்குறைய சரிபாதி பாதரசம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. “ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் கடிக்காதே” என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாயைத் திறந்து காட்டினேன். அவர் பாராட்டவில்லை, பதறினார்.

“ரசமா வச்சிருக்காங்க? ரசம் தங்கத்தைத் தின்னுடும். பட்டறைப் பக்கம் பதினஞ்சு நாள் வராதே.”

தங்க வேலை செய்பவருக்குப் பாதரசம் என்றால் பாம்பு மாதிரி. ஒரு சொட்டு மோதிரத்தில் பட்டால் போதும், மஞ்சள் வெளுத்து உலோகமே நொறுங்கத் தொடங்கிவிடும். பல்லில் இறுகிப்போன ரசம் அப்படிக் கிளம்பி வந்து தராசில் ஏறப்போவதில்லை என்று யார் சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். இரண்டு வாரம் நான் கூடத்து ஜன்னல் வழியாகத்தான் பட்டறையைப் பார்த்தேன். வாயில் விஷம் வைத்திருக்கிற பெண் என்று தம்பி தெருவெல்லாம் சொல்லிவைத்தான்.

அந்த அடைப்பு முப்பத்திரண்டு வருஷம் உழைத்தது. இடையில் ஒருமுறை பெரிதாக்கி மறுபடி அடைத்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எத்தனை பேருக்கு எத்தனை மலிவாக எத்தனை வருஷம் சோறு மென்று கொடுத்த பொருள் அது! ஆனால் அதன் உள்ளே நடந்துகொண்டிருந்த வேறொரு கணக்கு எனக்கு 2016 தீபாவளி அன்றுதான் தெரிந்தது.

அத்தை பொருவிளங்காய் உருண்டை கொடுத்தனுப்பியிருந்தாள். அதைத் தெரிந்தவர்கள் வாயில் ஊறவைப்பார்கள், அல்லது அம்மிக்குழவியால் உடைத்துத் தின்பார்கள். நான் கடித்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. உருண்டை உடைந்துவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டேன். நாக்கு போய்த் தடவிப் பார்த்தபோது பல்லின் உட்பக்கச் சுவரைக் காணவில்லை. துப்பினால், வெல்லத்துக்கும் பாசிப்பருப்பு மாவுக்கும் நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒரு துண்டு.

வலி இல்லை. கூர்மையான ஓரம் நாக்கைக் கிழித்தது, அவ்வளவுதான். அப்பா அந்தத் துண்டை வாங்கிக் கழுவித் துடைத்தார். அடுத்து அவர் என்ன செய்வார் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கத் தேவையில்லை. தராசில் வைத்தார். “இருநூத்திப் பத்து மில்லி. ஒண்ணரைக் குன்றிமணிக்கு மேலே” என்றார். சின்னக் காகிதத்தில் மடித்து எடையை எழுதிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

தீபாவளி முடிந்து பத்து நாளில் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். நவம்பர் 8. கல்யாண வேலைகள் அப்படியே நின்றன. அப்பாவின் குமிட்டி அணைந்து கிடந்தது. எழுபத்தாறு வயதில் அவருக்கு முதன்முதலாகப் பகல் நேரம் சும்மா கிடைத்தது. என்னோடு பல் டாக்டர் வீட்டுப் படியேற அவர் வந்ததற்கு அதுதான் காரணம். இல்லாவிட்டால் என் பல்லுக்காகப் பட்டறையைப் பூட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

முதலில் போன இடத்தில் வாயைப் பார்த்த நேரத்தைவிட ரேட் கார்டைக் காட்டிய நேரம்தான் அதிகம். “ரூட் கனால் பண்ணி கேப் போட்டுடலாம் மேடம். பேக்கேஜ் இருக்கு.” பல்லில் வலி இல்லையே என்றேன். “இப்ப இல்லேன்னா அப்புறம் வரும்.” உள்ளே நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று எந்தச் சோதனையும் நடக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: “கம்மல்ல திருகாணி போச்சுன்னா கம்மலையே உருக்கச் சொல்றான்.”

இரண்டாவதாகப் போன டாக்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண். சிதம்பரத்தில் படித்தவர். முதல் காரியமாக ஒரு பஞ்சு உருண்டையில் குளிர் திரவத்தைப் பீய்ச்சிப் பல்லில் வைத்தார். சுரீர் என்றது. எடுத்ததும் இரண்டு விநாடியில் போய்விட்டது. “போயிடுச்சா? நல்லது. நரம்பு நல்லா இருக்கு. எடுத்த பிறகும் நின்னு வலிச்சாத்தான் யோசிக்கணும்.” கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். வேருக்கடியில் ஒன்றுமில்லை. “இதுக்கு ரூட் கனால் வேண்டாம். கேப்பும் வேண்டாம்னு நினைக்கிறேன். ஆன்லே பண்ணலாம்.”

எனக்கு அந்த வார்த்தை புதிது. அவர் பல் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி விளக்கினார். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் கணக்கு நடத்தியவள் என்ற முறையில், ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வருமா வராதா என்று எனக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவருக்கு வந்தது.

பல்லின் மேல்பரப்பை வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முன்னும் பின்னும், பக்கத்துப் பல்லைத் தொடுகிற இடத்தில், இரண்டு வரப்பு இருக்கிறது. நாலைந்து முகடுகளையும் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அந்த வரப்புகள்தான். சொத்தை வரப்பைத் தின்றுவிட்டால், அல்லது அடைப்பதற்காக டாக்டரே வரப்பை வெட்டிவிட்டால், மிச்சமிருக்கிற சுவர்கள் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு கடிக்கும் வெளிப்பக்கம் வளையும். பிடுங்கிய பற்களை வைத்து 1989-இல் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். ரூட் கனால் செய்வதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைகிறது. இரண்டு வரப்பும் போய்விட்டால் 60 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. “ரூட் கனால் பண்ணின பல்லுதான் உடையும்னு எல்லாரும் சொல்லுவாங்க. உடைக்கிறது நரம்பு போனது இல்லே, வரப்பு போனது.”

என் பல்லில் இரண்டு வரப்பும் இல்லை. நடுவில் ஒரு வெள்ளிக் கட்டி, இரு பக்கமும் மெல்லிய சுவர், அதில் ஒன்று இப்போது இல்லை. பாதரச அடைப்பு பல்லோடு ஒட்டாது. அது கழன்று வராமல் இருக்க, வாய் குறுகி வயிறு அகன்ற சொம்பு மாதிரி குழி தோண்ட வேண்டும். அப்படித் தோண்டும்போது சுவரின் அடிவாரம் இன்னும் மெலியும். முப்பத்திரண்டு வருஷம் அந்த அடிவாரத்தில் விரிசல் ஓடி, பொருவிளங்காயில் முடிந்திருக்கிறது.

“இன்லே, ஆன்லே ரெண்டும் வேற மாதிரி. இதுல குழி சொம்பு மாதிரி இருக்கக் கூடாது, டவரா மாதிரி வாய் அகலமா இருக்கணும். வெளியே ஒரு துண்டு செஞ்சு கொண்டுவந்து உள்ளே இறக்கணும்ல? முகடுகளுக்குள்ள அடங்கினா இன்லே. முகட்டையும் சேத்து மூடினா ஆன்லே.”

அதுவரை சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். “பதிக்கிறது. கல்லு பதிக்கிற மாதிரி.”

“ஆமா ஐயா. அதேதான்.”

“அப்ப கேப்புங்கிறது?”

“அது பல்லைச் சுத்திவரத் தேய்ச்சு, மேலே குல்லா மாட்டுற மாதிரி.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். “ரெண்டுக்கும் சேதாரம் எவ்ளோ ஆவும்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. “ஐயா, நிஜமாவே அந்தக் கணக்கு இருக்கு” என்றார். 2002-இல் இரண்டு பேர் அதை அளந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பற்களை எடுத்து, கேப்புக்கு ஏற்ற மாதிரி சிலவற்றையும் இன்லே, ஆன்லேக்கு ஏற்ற மாதிரி சிலவற்றையும் தேய்த்து, முன்னும் பின்னும் துல்லியத் தராசில் எடை போட்டிருக்கிறார்கள். கடைவாயில் முழு கேப்புக்கு, ஈறுக்கு மேலே தெரிகிற பல்லில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்குவரை பொடியாகப் போகிறது. இன்லே, ஆன்லேக்கு அதிகம் போனால் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும்.

“நிறுத்தா பாத்தாங்க?” என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு மரியாதையை நான் வேறு எந்தப் படித்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் கேட்டதில்லை. “நிறுத்துத்தான் பாத்திருக்காங்க!”

எனக்குப் பல் போடப்போகிறவர் யார் என்பது அந்த நிமிஷத்திலேயே முடிவாகிவிட்டது.

எதில் செய்வது என்பது அடுத்த பேச்சு. அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. தங்கம். “நம்மகிட்ட இருக்குறதையே தர்றேம்மா. செய்கூலி மட்டும் போட்டுக்க.” டாக்டர் மறுக்கவில்லை. பல்லுக்குள் பதிக்கத் தங்கத்தைவிட நல்ல பொருள் இன்றைக்கும் கிடையாது என்றே சொன்னார். எதிர்ப் பல்லைத் தேய்க்காது, உடையாது, ஓரத்தை அழுத்தித் தேய்த்தால் பல்லோடு இழைந்துவிடும், நன்றாக அமைந்தால் பல்லுக்குடையவரின் ஆயுசுக்கும் வரும். ஆனால் நகைத் தங்கம் ஆகாது. 22 கேரட் பல்லுக்கு மெது. வெள்ளியும் செம்பும் பல்லேடியமும் கலந்த, முக்கால் பங்கு தங்கமுள்ள கடினக் கலவை வேண்டும்.

அப்பா விடவில்லை. “எப்படி வார்ப்பாங்க?”

“மெழுகுல மாதிரி செஞ்சு, அதைச் சுத்தி மாவுக்கலவை ஊத்தி, இறுகினதும் சூளையில வச்சு மெழுகை உருக்கிடுவாங்க. அந்தக் காலி இடத்துல தங்கத்தை ஓட்டுவாங்க.”

“சுவாமிமலை வேலை.”

“ஆமா ஐயா.”

“தங்கம் ஆறினா சுருங்குமே. பல்லுல எப்படிச் சரியா உக்காரும்?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பரீட்சையில் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திராத ஒரு கேள்வி வந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. தங்கக் கலவை உருகி ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். அதற்கு ஈடாக, மெழுகைச் சுற்றி ஊற்றுகிற மாவு இறுகும்போதும் சூளையில் சூடேறும்போதும் அதே அளவு விரிகிற மாதிரி கலந்திருப்பார்கள். அச்சு பெரிதாகும், தங்கம் சுருங்கும், இரண்டும் சேர்ந்து பழைய அளவுக்கு வந்து நிற்கும். அப்பா தலையை ஆட்டினார். அவருடைய தலையாட்டலில் பல வகை உண்டு. இது, பக்கத்துப் பட்டறைக்காரனின் வேலை நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற வகை.

இந்த மெழுகுச் சங்கதி என் மனசில் தங்கிவிட்டது. பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் வில்லியம் டாகர்ட் என்ற பல் மருத்துவர் 1907-இல் இந்த முறையை நியூயார்க்கில் தன் தொழில்காரர்கள் முன்னால் செய்துகாட்டினார். அதற்கு முன்பு, ஏட்டு மாதிரி மெல்லிய தங்கத் தகட்டைத் துளித்துளியாகக் குழியில் வைத்து மணிக்கணக்கில் தட்டி அடைத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் தாடை என்ன பாடுபட்டிருக்கும்! டாகர்ட்டின் வித்தை அந்தச் சித்திரவதையை ஒழித்தது. ஆனால் மனுஷர் அதற்குக் காப்புரிமை வாங்கிவைத்துக்கொண்டு, செய்கிறவர்களெல்லாம் பணம் கட்ட வேண்டும் என்றார். மற்ற பல் மருத்துவர்கள் சேர்ந்து வழக்காடினார்கள். ஐயோவா மாநிலத்தில் ஃபில்புரூக் என்பவர் 1897-இலேயே இதே முறையைப் பற்றிக் கட்டுரை வாசித்திருந்தது கிளம்பி வந்தது. டாகர்ட் தோற்றார்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “மெழுகுக்குப் போயி பட்டாவா?” என்று சிரித்தார். எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டரில், சுவாமிமலையில், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சாமி செய்து, காவிரி வண்டலால் மூடி, உருக்கி ஊற்றுகிறார்கள். சோழர் காலத்து வேலை. இதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களோடு சேர எனக்கு விருப்பமில்லை. நடராஜர் நெல்லளவு கூடினாலும் குறைந்தாலும் நடராஜர்தான். பல்லில் மயிரிழைக்கு மேல் இடைவெளி விழுந்தால் அங்கே எச்சிலும் கிருமியும் நுழைந்து மறுபடி சொத்தை. சுருக்கத்துக்கு ஈடாக அச்சை விரிய வைத்த கணக்குத்தான் அங்கே நடந்த புது வேலை. அதற்கு அவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

கடைசியில் தங்கம் நடக்கவில்லை. டாக்டர் வேலை கொடுக்கிற லேபில் தங்கம் வார்ப்பதை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கேட்பாரில்லை. எல்லோருக்கும் பல் நிறத்தில் வேண்டும். போதாக்குறைக்கு, எந்தப் பணத்தில் எதை வாங்குவது என்று யாருக்கும் தெரியாத மாதம் அது. செராமிக்கில் செய்ய முடிவானது. அப்பா வெளியே சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை.

நவம்பர் கடைசியில் பல்லைத் தயார் செய்தார்கள். ஊசி போட்டதும் பாதி உதடும் பாதி நாக்கும் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டன. பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு மற்றதையெல்லாம் மறைக்கிற ரப்பர் திரை ஒன்றை மாட்டினார். 1864-இல் கண்டுபிடித்ததாம். 1984-இல் எனக்கு அதை யாரும் மாட்டவில்லை. தண்ணீரும் உறிஞ்சுகுழாயும் ஓட, பழைய வெள்ளியைத் துண்டுதுண்டாக எடுத்தார். பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பட்டறையிலிருந்து விலக்கிவைத்த ரசம் அது. அடியில், எனாமலுக்கு உள்ளே இருக்கிற டென்டின் கறுத்துக் கிடந்தது. கறுப்பெல்லாம் சொத்தை இல்லை என்றார். கரண்டி மாதிரி ஒரு கருவியால் சுரண்டி, தோல் மாதிரி உரிந்து வந்ததை மட்டும் எடுத்தார். கெட்டியாக நின்றதை விட்டுவிட்டார். மெலிந்த முகடுகளை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உயரம் குறைத்தார். செராமிக் மெல்லியதாக இருந்தால் நொறுங்கிவிடும், அதற்கு அந்தக் கனம் வேண்டும். வெளிப்பக்கச் சுவரின் கீழ்ப்பாதியைத் தொடவே இல்லை.

அப்பா ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொண்டு காலடியில் உட்கார்ந்திருந்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. சத்தம் நின்ற ஒரு நேரத்தில் அவர் குரல் மட்டும் கேட்டது: “போதும்னு எப்படித் தெரியும்?” டாக்டர், “கஷ்டமான கேள்வி ஐயா” என்றார். பிறகு மறுபடி மோட்டார் ஓடியது, இன்னும் மெதுவாக.

இரண்டு நிறத்து மாவைப் பிசைந்து தட்டில் வைத்து அளவு எடுத்தார்கள். ஐந்து நிமிஷம் கடித்துக்கொண்டிருந்தேன். தற்காலிகமாக ஒரு பூச்சை வைத்து, ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து துண்டு வந்துவிடும் என்று அனுப்பினார்கள்.

ஒரு வாரத்தில் வரவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார். ஊரே கதவடைத்தது. அது தெளிந்து வண்டிகள் ஓடத் தொடங்கியபோது 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்துப் போட்டது. என் பல் எங்கோ மின்சாரம் இல்லாத ஒரு லேபில் கிடந்தது. தற்காலிகப் பூச்சு ஓரம் உதிர ஆரம்பித்தது. நான் கஞ்சியும் ரசம்சாதமும் வலப்பக்கத்தால் தின்றேன். வெந்நீர் பட்டால் கூசியது. உள்ளே உயிர் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 19-ஆம் தேதி வந்தது. சுண்ணமாவில் செய்த என் பல்வரிசையின் மாதிரியில் உட்கார்த்தி அனுப்பியிருந்தார்கள். சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துண்டு. அப்பா சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அது அவருடன் எங்கேயும் போகும். டாக்டர் தடுக்கவில்லை. துண்டை மாதிரியிலிருந்து எடுத்து, திருப்பி, மறுபடி உட்கார்த்தி, ஓரத்தில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இழுத்தார். கெம்புக்கல் பதித்ததும் அவர் எப்போதும் செய்வது அது. நகம் தட்டினால் வேலை திரும்பப் போகும். மூன்று பக்கம் தட்டவில்லை. நாலாவது பக்கம் நிறுத்தி, “இங்கே ஒரு பொடி இருக்கு” என்றார். டாக்டர் வாங்கிப் பார்த்தார். உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் துணுக்கு. துடைத்ததும் போய்விட்டது.

அன்றைக்கு அவர் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

ஒட்டுகிற வேலை ஒரு பூஜை மாதிரி, ஒன்று முன்னால் போனால் எல்லாம் கெட்டுவிடும். முதலில் பல்லில் வைத்துப் பார்த்து, பக்கத்துப் பல்லோடு உரசுகிற இடத்தில் நூல் விட்டுப் பார்த்தார். “கடிக்காதீங்க. ஒட்டுறதுக்கு முன்னால கடிச்சா உடைஞ்சிடும்” என்று மூன்று தடவை சொன்னார். துண்டின் அடிப்பக்கத்தை வீரியமான அமிலத்தால் இருபது விநாடி அரித்து, கழுவி, ஏதோ தடவினார். பல்லில் நீலக் களிம்பு தடவினார். அது பாஸ்பாரிக் அமிலம். எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று 1955-இல் புவனோகோர் என்பவர் கண்டுபிடித்திராவிட்டால் இந்த வேலைக்கே இடமில்லை. சொம்பு மாதிரி குழி தோண்டித்தான் எதையும் நிறுத்த முடியும் என்ற நிலைமை மாறியது அந்தக் களிம்பால்தான். பிறகு சிமென்ட், துண்டை இறக்கி அழுத்தம், ஓரத்தில் பிதுங்கியதை வழித்தெடுத்தல், நீல வெளிச்சம். கடைசியில் கலர் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, அதிகமாகக் கறை விழுந்த இடங்களை மெல்லத் தேய்த்தார். கூர்முனைக் கருவியால் ஓரத்தைச் சுற்றி இழுத்துப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

7,000 ரூபாய். செக்காக வாங்கிக்கொண்டார்.

தீபாவளி அன்று உடைந்த துண்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்பாவின் பெட்டியில்தான் இருக்கிறது, ‘பல் 0.210’ என்று எழுதிய மடிப்பில். பக்கத்தில் யாரோ வாங்க மறந்த ஒற்றைத் தோட்டுத் திருகாணி.

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல நான் வரவில்லை. சின்னக் குழிக்கு நேரடியாக அடைப்பதே போதும். அதற்குப் போய் இன்லே செய்வது கொசுவுக்குக் கோடாலி. சுவரே மிச்சமில்லாத பல்லுக்குக் கேப்தான் கதி. என் தங்கைக்கு அப்படித்தான் போட்டார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கிற பற்கள் நிறைய. பல்லில் பாதிக்கு மேல் பத்திரமாக இருக்கும்போதே, நேரமில்லை, பழக்கமில்லை, லேப் சரியில்லை என்று மொத்தமாகத் தேய்த்துவிடுகிறார்கள். எனாமலைக் கட்டுகிற செல்கள் பல் முளைத்ததோடு இல்லாமல் போய்விடுகின்றன. தங்கப்பொடியைக் கூட்டி அள்ளி மறுபடி உருக்கலாம். பல்பொடி உறிஞ்சுகுழாயில் போனால் போனதுதான்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பல் எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. சிமென்ட் ஓரத்தில் லேசாக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் அதை மெருகேற்றிவிடுகிறார். அவர் இப்போது என்னை ‘அக்கா’ என்கிறார். மாவு பிசைவது போய் பேனா மாதிரி ஒரு கேமராவால் பல்லைப் படம் பிடிக்கிறார். திரையில் என் வாய் ஒரு மலைத்தொடர் மாதிரிச் சுழல்கிறது. 1985-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் முதல் ஆளுக்கு இப்படிக் கணினியில் அளவெடுத்துக் கடைந்து வைத்தார்களாம். எங்கள் ஊருக்கு வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெழுகு இல்லை, சூளையில் உருக்குவது இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கட்டியைக் கடைகிறார்கள். அடுப்பில் வைத்து 850 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டதும் அது பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது.

2023-இல் வலப்பக்கத்துப் பல். அதே ஆறு வயதுப் பல்லின் ஜோடி. அதிலும் ஒரு பழைய வெள்ளி. இந்தத் தடவை உடையும் முன்பே விரிசல் தெரிந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஊசி ஏறுவதற்காகக் காத்திருந்தபோது கைபேசி அடித்தது. அப்பா. எண்பத்து மூன்று வயது. படியேற முடிவதில்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஆரம்பிச்சாச்சா?”

“இன்னும் இல்லேப்பா. ஊசி போட்டிருக்காங்க.”

“அந்தப் பொண்ணுகிட்டக் குடு.”

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே குனிந்து பேசினார். இப்போது அவர் சிரிக்கவில்லை. “சொல்லுங்க ஐயா. மேலே ரெண்டு மில்லிமீட்டர் எடுப்பேன். உள்ளே பழைய வெள்ளி எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான். நாக்குப் பக்கத்துச் சுவர்ல விரிசல் எங்க முடியுதோ அதுவரைக்கும். கன்னத்துப் பக்கம் தொடவே மாட்டேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. குமிட்டி ஊதிப் பழகிய மூச்சு மட்டும் கேட்டது.

“வெரிசல் அதுக்குக் கீழே போயிருந்தா?”

“நிறுத்திட்டு உங்களுக்குப் போன் பண்றேன் ஐயா.”

“சரி, பண்ணு” என்றார் அப்பா.